கிறிஸ்தவர்கள் அமானுஷ்ய விஷயங்களை ஆராயலாமா?

காரைக்குடிப் பக்கம் விடியுமுன் குடுகுடுப்பைச் சத்தம் கேட்டால், ஜெபத்துக்கு எழுந்த வீட்டிலும் ஒரு நொடி காது அங்கே போகும். அதில் தப்பில்லை. காதில் விழுவது வேறு, கூப்பிட்டு உட்கார வைத்துக் குறி கேட்பது வேறு.

அமானுஷ்யம் என்றால் மனித சக்திக்கு மீறியது. தேவதூதர்கள், அற்புதங்கள், இயேசுவின் உயிர்த்தெழுதல் எல்லாமே அதில் வரும். அதனால் அதைப் பற்றிப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். ஆவிகளைச் சோதித்தறியச் சொல்வதே வேதாகமத்தின் 1 யோவான் 4:1 தான்.

ஆனால் குறி, சூனியம், செத்தவர்களிடம் கேட்பது இவற்றை உபாகமம் 18:10-11 தடுக்கிறது. ஏன்? அடுத்த சில வசனங்களிலேயே, தேவன் ஒரு தீர்க்கதரிசியை எழுப்புவார், அவருக்குச் செவிகொடுங்கள் என்று வருகிறது. யார் பேச்சை நம்பி நடக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம் ஊர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டில் பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று பிள்ளை அப்பச்சியிடம் தாராளமாகக் கேட்கலாம். கொல்லைச் சுவரேறி வந்தவனிடம் போய்க் கேட்டால் அப்பச்சி மனசு என்ன பாடுபடும்!

அப்புறம், தடை இருப்பதால் இதெல்லாம் வெறும் கற்பனை என்று வேதாகமம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, எந்தோர் என்ற ஊரில் சவுல் ராஜா குறிகாரியைத் தேடிப் போனதை 1 சாமுவேல் 28 நடந்ததாகவே சொல்கிறது.