60 கிலோவில் நின்றுவிட்ட தம்பிக்கு

கேள்வி: நான் திருகோணமலையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வயது 21, உடல் நிறை 62 கிலோ. சென்ற செமெஸ்டரில் எடைப் பயிற்சியின் ஆரம்ப வகுப்பை முடித்துவிட்டு, இப்போது எடைப் பயிற்சி, கண்டிஷனிங் (ஓட்டம் போன்ற, மூச்சும் உடலும் தாக்குப்பிடிப்பதற்கான பயிற்சி) இடைநிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி பிற்பகல்களில் வகுப்பு. முதல் செமெஸ்டரில் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் பாரத்தைக் கூட்ட முடிந்தது. இப்போதோ ஸ்குவாட்டில் (பாரமேற்றிய கம்பியான பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்தெழும் பயிற்சி) 60 கிலோ, ஐந்து தடவை என்ற இடத்திலேயே ஐந்து கிழமையாக நிற்கிறேன். பின்தங்கக்கூடாது என்று கிழமையில் ஐந்து மாலைகள் உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓடுகிறேன். கூடப் படிப்பவர்கள் 80, 90 என்று தூக்குகிறார்கள். புரோட்டீன் பவுடர் குடித்தால்தான் சரிவரும் என்றும் சொல்கிறார்கள். ஆசிரியர் மட்டும் என் பாரத்தைப் பார்க்காமல், பயிற்சிக் கொப்பியைக் கொண்டுவா என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி, உங்கள் ஆசிரியர் சரியான பொருளைத்தான் கேட்கிறார். அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை நீங்கள் ஒரு வரியிலும் சொல்லவில்லை. அதில் எழுத அதிகம் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் செமெஸ்டரில் பாரம் வகுப்புக்கு வகுப்பு ஏறியதற்குப் பெரும்பங்குக் காரணம் உங்கள் தசை வளர்ந்தது அன்று. உடலில் ஏற்கெனவே இருந்த தசையை ஒரே நேரத்தில், ஒழுங்காக வேலைவாங்க நரம்புகள் பழகிக்கொண்டதே காரணம். அந்தப் பழக்கம் விரைவில் கைகூடும். விரைவில் தீர்ந்தும் போகும். அதன் பிறகு பாரம் ஏற வேண்டுமானால் தசையே புதிதாகக் கட்டப்பட வேண்டும். அந்த வேலை கிழமைக் கணக்கில் நடப்பதால், வகுப்புக்கு வகுப்பு அதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தொடர்ந்து பயின்றவரையே இடைநிலையாளர் என்று கொள்கிறது. ஆகவே நீங்கள் நின்றுவிட்டதாக எண்ணும் இடம், இடைநிலை என்ற சொல் குறிக்கும் இடமேதான். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களின் கால்களைப் பாரம் தூக்கவைத்துத் தேற்றிய தோமஸ் டிலோர்ம் என்ற இராணுவ மருத்துவர், ஒருவர் பத்துத் தடவை தூக்கக்கூடிய பாரம் எவ்வளவு என்பதைக் கிழமைக்கு ஒருமுறையே அளந்தார். நீங்கள் கிழமைக்கு மூன்று முறை உங்களை அளந்து, மூன்று முறையும் மனம் சோர்கிறீர்கள்.

ஆகவே மூன்று நாட்களுக்கும் மூன்று விதமான வேலையைக் கொடுங்கள். திங்கள் பாரமான நாள்: 60 கிலோவில் ஐந்து தடவை, மூன்று செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஐந்து தடவையும் சேர்ந்தது ஒரு செட்), செட்டுகளுக்கிடையில் இரண்டு முதல் மூன்று நிமிடம் ஓய்வு. நேரம் போதவில்லை என்று ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போய்விட்டுப் பாரம் ஏறவில்லை என்று குறைப்படுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புதன் இலகுவான நாள்: 47.5 கிலோவில் ஐந்து தடவை, இரண்டு செட் மட்டும். இறங்கும் ஆழம், முழங்கால் போகும் திசை, வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடிக்கும் முறை ஆகியவற்றைத் திருத்துவதற்கான நாள் அது. வெள்ளிக்கிழமை 52.5 கிலோவில் எட்டுத் தடவை, மூன்று செட் செய்யுங்கள். எட்டாவது முடிந்த பிறகும் இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும். நான்காவது கிழமை வந்தால் பாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு செட்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். சோம்பல் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

பாரத்தைக் கூட்டுவதற்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையின் கடைசி செட்டில் மட்டும், உடலின் நிலை குலையாத வரை ஐந்துக்கு மேலும் செய்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகளில் அது ஏழாக வந்தால், மூன்றாவது திங்களன்று பாரின் இரு முனைகளிலும் 1.25 கிலோ பிளேட் ஒவ்வொன்றை ஏற்றி 62.5 கிலோவுக்குப் போகலாம். கணக்கு விருப்பமென்றால் இதையும் பாருங்கள்: தடவைகளின் எண்ணிக்கையை 30 ஆல் வகுத்து, அதனோடு ஒன்றைக் கூட்டிப் பாரத்தால் பெருக்கினால், ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரம் ஏறத்தாழக் கிடைக்கும். 60 கிலோ ஐந்து தடவை என்றால் 70 கிலோ. அதே 60 ஏழு தடவை என்றால் 74 கிலோ. பாரில் ஒரு பிளேட்டும் கூடாமலேயே நீங்கள் நான்கு கிலோ முன்னேறியிருப்பீர்கள். கொப்பி இல்லாதவருக்கு அது கண்ணில் படாது. எனவே ஒவ்வொரு செட்டுக்கும் பாரம், தடவை, இன்னும் எத்தனை தடவை செய்திருக்கலாம் என்ற உங்கள் மதிப்பீடு, முதல் நாள் இரவு தூங்கிய மணித்தியாலம் ஆகிய நான்கையும் வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதாமல், பாரைத் தாங்கும் ரேக்குக்குப் பக்கத்தில் நின்றே எழுதுங்கள்.

இனி, அந்த மணல் ஓட்டம். உங்கள் 60 கிலோவைக் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் அதுதான் என்பது என் கணிப்பு. மணலில் ஓடுவதற்கு, அதே வேகத்தில் கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. அந்தச் சுமையில் பெரும்பங்கு விழுவது நீங்கள் ஸ்குவாட்டுக்குப் பயன்படுத்தும் அதே கால்களில். ரொபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பொருத்தமானது. பத்துக் கிழமைகளுக்கு ஒரு குழு பாரம் மட்டும் தூக்கியது, ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்தது, இன்னொரு குழு இரண்டையும் சேர்த்துச் செய்தது. சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழு கிழமை வரை ஏறி, பிறகு நின்று, கடைசிக் கிழமைகளில் இறங்கியது. அவர்கள் செய்த அளவு மிக அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டமே கூடாது என்பது அதன் பொருளன்று. வகுப்பிலேயே கண்டிஷனிங் இருக்கும்போது அதன்மேல் ஐந்து மாலைகளைச் சுமத்துவதுதான் பிழை. மணலை இரண்டு நாட்களுக்குக் குறையுங்கள். செவ்வாயும் சனியும் போதும். அவற்றில் ஒரு நாளை, கோட்டைக்குள்ளே மான்களைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதியில் வேகநடையாக மாற்றினாலும் நல்லது. வகுப்பில் பாரமும் ஓட்டமும் ஒரே நாளில் வந்தால் பாரத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

பிற்பகல் வகுப்பு என்பதால் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போயிற்று என்பது நமக்குத் தெரிவதில்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் உங்கள் உடல் நிறையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் கறுத்து, தசைகளும் தாங்கமுடியாமல் வலித்தால், அதைச் சாதாரண உளைவு என்று எண்ணி வீட்டில் படுத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பவுடருக்கு நான் எதிரியல்லன். உங்களுக்கு அது தேவையில்லை என்கிறேன், அவ்வளவுதான். பாரம் தூக்குபவருக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் நிறைக்கு அது 100 கிராம் அளவில் வரும். காலையில் இரண்டு முட்டை 12 கிராம். மதியமும் இரவும் 150 கிராம் மீன் என்றால் இரண்டும் சேர்ந்து 60 கிராமைத் தாண்டும். மாலையில் ஒரு கோப்பை அவித்த கடலையோ பயறோ 14 கிராம் தரும். மிச்சத்தைச் சோறும் பிட்டும் பருப்பும் நிரப்பிவிடும். சூரையும் பாரையும் சூடையும் கரைக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு டின்னில் புரதம் தேடுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

80, 90 தூக்கும் நண்பர்களை ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை இறங்குகிறார்களா? பாதியில் திரும்பும் 90 கிலோவை, முழுதாய் இறங்கி எழும் உங்கள் 60 கிலோவோடு ஒப்பிட முடியாது. உண்மையாகவே இறங்குகிறார்கள் என்றால் அவர்கள் உங்களைவிட நிறை கூடியவர்களாகவோ, நீண்டகாலம் பயின்றவர்களாகவோ இருக்கக்கூடும். நானும் உங்கள் வயதில் பக்கத்து பெஞ்சில் படுத்திருந்தவனுக்குச் சமமாகத் தூக்க ஆசைப்பட்டுத் தோளைக் கெடுத்துக்கொண்டேன். நான்கு மாதம் சட்டை போடக்கூடக் கை உயரவில்லை. அவனோ அந்தப் போட்டி நடந்ததையே அறிந்திருக்கவில்லை.

வருகிற திங்களிலிருந்து தொடங்குங்கள். எட்டுக் கிழமைக்குப் பிறகும் கடைசி செட் ஐந்திலேயே நின்றால், திங்கட்கிழமைப் பக்கங்களை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தூங்கிய மணித்தியாலம் எழுதப்படாத பக்கங்களை அனுப்ப வேண்டாம்.