பிஎம்ஐ சரியாக இருக்கிறது, தொப்பை மட்டும் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 22.5 தான், ஆனால் தொப்பை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

என் அப்பாவும் இப்படித்தான். 165 செ.மீ. உயரம், 62 கிலோ. கை கால் குச்சி மாதிரி இருக்கும், வேட்டிக் கட்டுக்கு மேல் வயிறு மட்டும் முன்னால் நிற்கும். ஒல்லியான ஆளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம். பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்தபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது.

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின், இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் உடம்பின் விஷயமே இதுதான்: தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். தொடையில் சேரும் கொழுப்பு அவ்வளவாகத் தொல்லை தராது. குடலைச் சுற்றிச் சேர்வது நேராகக் கல்லீரலுக்குப் போய் இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் இஞ்சி டேப்பை எடுங்கள். பேண்ட் சைஸை நம்பாதீர்கள், பேண்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது. சட்டையைக் கழற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இறுக்காமல் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டபின் பாருங்கள். அப்பாவை முதலில் அளந்தபோது 89 செ.மீ. வந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறுபடி அளந்தேன், 94.

தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை. இன்னும் சுலபமான கணக்கு, இடுப்புச் சுற்றளவு, உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது 82.5.

ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, தினமும் நடந்து, ஒன்றரை வருஷத்தில் 87-க்கு வந்திருக்கிறார். எடை இறங்கியது 3 கிலோதான், சர்க்கரை நன்றாகவே இறங்கிவிட்டது.

உங்கள் உயரத்தை நீங்கள் சொல்லவில்லை. அளந்து பார்த்து, பாதியைத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c), ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு, பிரஷர் நான்கையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.