அவருக்குக் கறிதோசை, எனக்கு இட்லி

அன்புள்ள அக்கா,

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. நான் கோவை, அவர் திருச்சி, வேலை இரண்டு பேரையும் மதுரையில் கொண்டுவந்து போட்டிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். ஆனால் எங்கே போனாலும் ஏதோ ஒன்று இடிக்கிறது. மெஸ்ஸில் சாப்பாடு அருமை, கை கழுவித் திரும்புவதற்குள் மேஜையைத் துடைத்து பில்லை வைத்துவிடுகிறார்கள், அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏசி ரெஸ்டாரன்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் எதை ஆர்டர் செய்தாலும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் வருகிறது. இதில் நான் சைவம், அவருக்கு மட்டன் இல்லாவிட்டால் அது சனிக்கிழமையே இல்லை. நாங்கள் 'டேட் நைட்' போகிறோம் என்றால் மாமியார் வேறு சிரிக்கிறார். நீங்களும் உங்கள் கணவரும் மதுரையில் எங்கே போவீர்கள்? கொஞ்சம் சொல்லுங்களேன்.

ச., மதுரை

அன்புள்ள ச.,

மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும், ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் தலைகீழாக. கறி தின்பவள் நான், எங்க வீட்டுக்காரர் முட்டை கூடத் தொடமாட்டார். மதுரை மாதிரி ஓர் ஊரில் இப்படி ஒரு ஜோடி எப்படிக் காலம் தள்ளுகிறது என்று கேட்டால், நாங்கள் ஒரே கடையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்கிற பிடிவாதத்தை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு தொல்லைக்கும் மருந்து அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லா சாப்பிடவும் வேண்டும், நிதானமாக உட்கார்ந்து பேசவும் வேண்டும், இரண்டும் ஒரே மேஜையில் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் போவதால்தான் ஏமாற்றம் வருகிறது. இந்த ஊரில் அது இரண்டு வேறு இடம். நடுவில் நடை.

மெஸ்காரர் உங்களை விரட்டுகிறார் என்று கோபப்படாதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து மூன்று மூன்றரைக்குள் அவருக்கு வியாபாரம் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் ஒரே நாற்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த விலைக்குக் குழம்பும் சுக்காவும் போடமுடிகிறது. ஏசி ரெஸ்டாரன்டில் பனீருக்கு நீங்கள் கொடுக்கிற காசில் பாதி, என் கணக்குப்படி, அந்தக் குஷன் நாற்காலிக்கு வாடகை. அதனால் அங்கே உட்காரத்தான் போக வேண்டும், சாப்பிடப் போகக்கூடாது. சூப் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். ஒருதடவை அப்படி ஓர் இடத்தில் எங்கள் கல்யாண நாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, விளக்கை அணைத்து, ஸ்பீக்கரில் பிறந்தநாள் பாட்டைப் போட்டு, நாலு பையன்கள் கைதட்டிக்கொண்டு கேக்கோடு வந்துவிட்டார்கள், கேக் முட்டை போட்டது வேறு. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை எங்காவது தள்ளி நிறுத்திவிட்டு சிம்மக்கல்லில் ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் கோனார் கடைக் கறிதோசை. திருச்சிக்காரர், ஏற்கெனவே சாப்பிட்டிருப்பார், ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஊத்தப்பம் போல தடிமனாக மாவை ஊற்றி, மேலே முட்டையை அடித்து ஊற்றி, அது முக்கால்வாசி இறுகுகிற நேரத்தில் வெந்த கொத்துக்கறியை அள்ளிப் பரப்பி, எண்ணெய் விட்டு, ஒரே திருப்பாகத் திருப்பி அமுக்குவார். கறிப்பக்கம் கல்லில் படும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், கடையில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாம் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று வரும், தொட்டுக்கொள்ள மட்டன் குழம்பு. ஓர் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. உங்களுக்கும் அங்கேயே சாதா தோசை வாங்கலாம் என்று அவர் ஆசை காட்டுவார், கேட்காதீர்கள். இந்த மாதிரிக் கடைகளில் தோசைக்கல் ஒன்றுதான், கரண்டியும் அதேதான். இது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், எங்க வீட்டுக்காரருக்குப் பரவாயில்லை ஆகாது.

அவர் தின்று முடிக்கக் கால் மணி நேரம். அதுவரை நீங்கள் வெளியே பருத்திப்பால் வண்டி எதுவும் நின்றால் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சி, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். பசியை அடக்காது, ஆறப்போடும். எனக்காக வெளியே நிற்கும்போது எங்க வீட்டுக்காரர் குடிப்பது அதுதான், சிம்மக்கல்லில் அவருக்கென்று ஒரு வண்டி இருக்கிறது.

அப்புறம் நடை. சிம்மக்கல்லிலிருந்து தெற்கே வந்தால் வடக்கு மாசி வீதி. இந்த ஊர் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போட்ட ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உள்ளே ஆடி வீதி, அடுத்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. இதில் சித்திரை வீதிக்குள் வண்டி விடுவதில்லை. மதுரையில் ஹாரன் சத்தம் இல்லாமல் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசக்கூடிய இடம் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்? மதிலோரமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் உட்காரலாம், யாரும் பில் கொண்டுவரமாட்டார்கள். வழியில் மல்லிகைப்பூ. புவிசார் குறியீடு வாங்கிய பூ, 2013இல் கொடுத்தார்கள், அதற்காக விலை குறையாது. மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து விலை தாறுமாறாக ஏறும், முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் பேரம் பேசினால் நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல மாசி வீதிக்கு வந்தால் உங்கள் முறை. முருகன் இட்லிக் கடை இன்று சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறது, ஆனாலும் அது மதுரைக் கடை. இலையில் இட்லி, சுற்றிலும் சட்னிகள், கேட்டால் பொடியும் நல்லெண்ணெயும். ஒரு வெங்காய ஊத்தப்பமும் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று, சும்மா உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், நடுவில் ஒரு இட்லியைப் பிய்த்துத் தின்பார். கேட்டீர்களே டேட் நைட், இதைவிட வேறு என்ன. ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவருக்குக் கை சும்மா இருக்கிறது என்பதால் எங்கள் வீட்டில் பெரிய விஷயம் எல்லாம் இந்த மாதிரி நேரத்தில்தான் பேசி முடிவாகியிருக்கிறது, வீட்டுக் கடன் உட்பட.

நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிரர்கள் வசிக்கிற தெருக்களில் சாயங்காலம் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள். பேர்தான் வடை, பார்க்க பச்சைப் பூரி மாதிரி இருக்கும், அரிசி மாவோடு முள்ளுமுருங்கை இலையை அரைத்துத் தட்டிப் பொரித்து மேலே மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். இது முழுக்க உங்களுக்கு. ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

கடைசியாக விளக்குத்தூண். ஜிகர்தண்டாவுக்கு ஊர் முழுக்கக் கடை இருக்கிறது, எல்லாரும் தங்களுடையதுதான் ஒரிஜினல் என்பார்கள், நான் விளக்குத்தூண் ஃபேமஸ் கடைக்குத்தான் போவேன், 1977இலிருந்து இருக்கிற கடை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கடல்பாசி, மேலே ஐஸ்கிரீம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று வாங்குவது தவறு, பாதியில் சண்டை வரும். அல்வா வேண்டுமென்றால் பக்கத்திலேயே நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க்கடை இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகிறவர்களுக்குப் பிரேமா விலாஸ், வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தருவார்கள், கையிலேயே வைத்து நின்றபடி தின்ன வேண்டும், பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வேறு அல்வா.

ஒரு சனிக்கிழமை மட்டும் இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கோயிலில் பள்ளியறை பூஜை. சொக்கர் பாதத்தைப் பல்லக்கில் வைத்து மேளதாளத்தோடு அம்மன் சன்னிதிக்குக் கொண்டுபோவார்கள். சுவாமியே தினமும் ராத்திரி மீனாட்சி வீட்டுக்குப் போகிற ஊர் இது, உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அதுவே ஒரு பிரசாதம். அன்றைக்கு மட்டும் கறியைக் கோயிலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் ஆனால் என்ன, புரோட்டாக் கடைகளில் அப்போதுதான் கொத்துகிற சத்தமே சூடு பிடிக்கும்.

புரோட்டாக் கடை பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் சின்னப் பெண்களாக இருந்த காலத்தில் அங்கே பெண்கள் உட்கார்ந்து பார்த்ததில்லை, அப்பா பார்சல் வாங்கிவருவார், சால்னா பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கும், அதை ஒழுகாமல் அவிழ்ப்பது ஒரு வித்தை. கொஞ்சம் பெரிய ஹோட்டலாக இருந்தால் திரை போட்ட ஃபேமிலி ரூம், உள்ளே ஃபேன் சுற்றாது. இப்போது அப்படி இல்லை. பன் புரோட்டா சாப்பிட ராத்திரி பதினொரு மணிக்குப் பெண்கள் மட்டுமே கூட்டமாக வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்குச் சால்னா ஆகாது, ஆனால் சூடான பன் புரோட்டாவைப் பிய்த்து வெறும் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிப்பு அது. மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும்.

விசேஷ நாளுக்கு, கையில் காசும் இருந்தால், இரண்டு இடம். பசுமலை மேலே இருக்கிற கேட்வே ஹோட்டல், அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும், மயில் வரும். இன்னொன்று கோச்சடையில் ஹெரிடேஜ் மதுரை. அங்கே இருக்கிற பழைய கட்டடம் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டியது, 1970களில் நூற்பாலை அதிகாரிகளுக்கு கிளப்பாகக் கட்டினார்கள். கல்தூணும் ஓடும் மரக்கதவுமாக, உள்ளே போனதும் குரல் தானாகத் தணியும், பெரிய ஆலமரம் ஒன்று நிற்கிறது. இரண்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள், பர்ஸ் தாங்காது, இருட்டில் ஒன்றும் தெரியவும் தெரியாது. நாலரை மணிக்குப் போய் ஆளுக்கொரு காபி, ஒரு பஜ்ஜி பிளேட், பொழுது இறங்கும்வரை உட்கார்ந்துவிட்டு சாப்பாட்டுக்குச் சிம்மக்கல் வந்துவிடுங்கள். கோபுரம் பார்க்க ஆசையாக இருந்தால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்களில் மொட்டைமாடி ரெஸ்டாரன்ட் உண்டு. சாப்பாடு சுமார், காற்று பிரமாதம்.

உங்கள் வீட்டுக்காரரின் மெஸ் ஆசைக்கு ஒரு வழி சொல்கிறேன். தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், அயிரை மீன் குழம்பாலும் நண்டு ஆம்லெட்டாலும் என்னை மயக்கிய கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே உட்கார்ந்து பேசலாம் என்று கனவுகூடக் காணாதீர்கள். புரட்டாசி மாதம் வரட்டும். பாதி ஊர் கறியை விட்டுவிடும், எந்தக் கறிக்கடை மெஸ்ஸாக இருந்தாலும் மேஜை காலியாகக் கிடக்கும், பரிமாறுகிறவர் கூட நின்று உங்களோடு கதை பேசுவார். அவர் வீட்டில் புரட்டாசி விரதம் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே மாமியாரிடம் விசாரித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா