தோழியின் ஓய்வுக்கு நிதி கேட்பது பற்றி

மட்டக்களப்பில் உங்களோடு மனித உரிமைப் பணி செய்யும் தோழி, மிரட்டல்களால் உறக்கமிழந்த நிலையிலும், ஓய்வுக்கென நிதி கேட்பது சுயநலமாகிவிடுமோ என்று தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் 2010 முதல் இயங்கிவரும் பெண் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் 'ஐஎம் டிஃபென்சோராஸ்' கூட்டமைப்பு, உடல், மன நலப் பராமரிப்பைப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. களைத்துப்போன பெண் செயற்பாட்டாளர்கள் எல்லை கடந்து வந்து தங்கி உடலும் மனமும் தேறுவதற்கென்றே மெக்சிகோவின் வஹாகாவில் 'காசா லா செரேனா' என்ற இல்லம் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை, ஆபத்திலுள்ள மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு உதவும், அயர்லாந்தின் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ்' அமைப்பை முதலில் அணுகலாம். அது பாதுகாப்பு நிதியுடன் ஓய்வுக்கான உதவியும் வழங்குகிறது. மிரட்டல் எப்போது, எவ்வழியாக வந்தது என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். ஆனால் தோழியின் சம்மதமின்றி எதையும் அனுப்பாதீர்கள். அவர் இல்லாத வாரங்களில் அவருடைய வேலைகளை யார் யார் ஏற்பது என்பதையும் இப்போதே பேசி முடிவுசெய்துவிடுங்கள். வேலைகளை ஏற்க ஆளில்லை என்றால், நிதி கிடைத்த பிறகும் அவர் புறப்படாமல் இருந்துவிடக்கூடும்.