அஞ்சு வயசு பையன், கார் ஆக்சிடன்ட்டுக்கு அப்புறம் ராத்திரி அலறி எழுந்திரிக்கிறான், இவ்ளோ சின்ன குழந்தைக்கு தெரபி இருக்கா?

இருக்குங்க. இந்த வயசுல ‘பயமா இருக்கு’ன்னு சொல்லத் தெரியாது, அதான் பொம்மை காரை திரும்பத் திரும்ப செவுத்துல மோதவிட்டு விளையாடுவாங்க, விட்டுப்போன படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம்கூட திரும்ப வரலாம். 2013ல வந்த, மனநல டாக்டர்கள் நோயை அடையாளம் காணப் பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேட்டுலயே ஆறு வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பிரச்சினை) அறிகுறிகளை தனியா குடுத்திருக்காங்க.

டிராமா ஃபோகஸ்டு சிபிடி-ன்னு, அதிர்ச்சியால வந்த பயத்தையும் நினைப்பையும் கொஞ்சம் கொஞ்சமா சமாளிக்கக் கத்துக்குடுக்குற ஒரு தெரபி, மூணு வயசுலேர்ந்தே பண்ணலாம், பெரும்பாலும் 12லேர்ந்து 16 செஷன், அம்மா அப்பாவும் கலந்துக்கணும் (என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம்). மொதல்ல வயித்துமேல ஒரு பொம்மைய வச்சு அது ஏறி எறங்குறத பாத்துக்கிட்டே மெதுவா மூச்சு விடக் கத்துக்குடுப்பாங்க, அப்புறம் படம் வரைய வச்சு நடந்ததை கொஞ்சம் கொஞ்சமா அவனே சொல்ற மாதிரி கொண்டுபோவாங்க.

‘அதெல்லாம் மறந்துடு’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு மாசம் தாண்டியும் இப்படியே இருந்தா குழந்தைகள் மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்.