கேரவன் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேரவன் என்றால் சென்னையில் இருப்பவருக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பிரிட்டன் வாசகர்கள் கேட்டிருப்பது வேறு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும், என்ஜின் இல்லாத நாலு சுவர் வீடு அது.

கேள்வி: பத்து வருடப் பழைய கேரவன், நாலு பேர் படுக்கலாம், 11,000 பவுண்டுக்கு வருகிறது. ரோடு டாக்ஸ், எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) இரண்டும் கிடையாது என்கிறார் விற்பவர். அப்படியென்றால் வாங்கிய பிறகு பெரிய செலவு இருக்காது அல்லவா?
– ஹாரோ வாசகர்

விற்பவர் சொன்னது உண்மைதான். இழுத்துப்போகும் கேரவனுக்கு இரண்டும் இல்லை. ஆனால் செலவு வேறு வாசல்களில் நுழையும்.

முதலில், வாங்கும் வாரத்திலேயே போகும் பணம். காரில் டோபாரும் (கேரவனை மாட்டி இழுக்கும் கொக்கி) 13 முனை மின் இணைப்பும் பொருத்த 400 முதல் 900 பவுண்ட் வரை ஆகும். இழுக்கும்போது போட வேண்டிய நீட்டுக் கண்ணாடிகள், ஹிட்ச் பூட்டு, சக்கரப் பூட்டு, 40 லிட்டர் தண்ணீர் உருளை, கழிவுநீர்த் தொட்டி, 25 மீட்டர் மின் கேபிள் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 600. கேரவன் வாசலோடு சேர்த்து விரிக்கும் முன்கூடாரம் வேண்டுமென்றால் மேலும் 500. அதை எல்லோரும் வாங்குகிறார்கள்; பாதிப் பேர் இரண்டாவது வருடத்திலிருந்து விரிப்பதே இல்லை.

இனி வருடச் செலவு. காவலுள்ள நிறுத்துமிடம் சுமார் 500, இன்சூரன்ஸ் 250, சர்வீஸ் 250, காஸும் டாய்லெட் திரவமும் 80. டயர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பேட்டரி நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 70. கூட்டினால் 1,150. வண்டியின் மதிப்புக் குறைவதை வருடம் 800 என்று வையுங்கள். கேரவன் கிளப் சந்தா 60. வருடத்தில் 20 இரவு, கேரவனை நிறுத்தித் தங்கும் தளத்துக்கு ஒரு இரவுக்கு 32 பவுண்ட் கட்டணம் என்றால் 640. ஆக 2,650. ஓர் இரவுக்கு 132 பவுண்டுக்கு மேல். அந்தப் பணத்துக்கு நல்ல ஹோட்டல் அறையே கிடைக்கும். அதே வண்டியில் 40 இரவு தங்கினால் காஸ் கொஞ்சம் கூடினாலும் இரவுக்கு 83 ஆகிவிடும். இழுக்கும்போது கார் குடிக்கும் கூடுதல் எரிபொருளை இதில் சேர்க்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு மைலேஜ் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் மட்டும்தான் போக முடியும் என்றால் முதல் வருடம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கேரவனுக்குத் தனி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. இழுக்கும்போது பிறருக்கு ஏற்படும் சேதத்தைப் பொதுவாகக் காரின் பாலிசி ஏற்கும். திருட்டும் உங்கள் வண்டியின் சேதமும் அதில் வராது. தனி பாலிசி எடுத்தால் எந்தப் பூட்டு போட வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பூட்டு காரேஜில் தூங்கிக்கொண்டிருந்த அன்று வண்டி திருடு போனால் பணம் வராது.

கேள்வி: என் காரின் எடை 1,450 கிலோ. பார்த்து வைத்திருக்கும் கேரவனின் உச்ச எடை 1,300 கிலோ. இழுக்குமா? லைசென்ஸ் போதுமா?
– லெஸ்டர் வாசகர்

லைசென்ஸ் போதும். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

காரின் கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில் மேலே இருப்பது காரின் உச்ச எடை. அடுத்தது காரும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற எண். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், கார் நிறை சுமையோடு இருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். அந்த இடத்தில் எண்ணே இல்லையென்றால் அந்தக் காரை இழுக்கவே விடக்கூடாது. சில மின்சாரக் கார்கள் இந்த வகை. இழுக்க அனுமதியுள்ள மின்சாரக் காரிலும் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகும்.

சட்டத்தைத் தாண்டி, புதியவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: கேரவனின் உச்ச எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். உங்கள் காருக்கு அது 1,232 கிலோ. நீங்கள் பார்த்தது 90 சதவீதத்தைத் தொடுகிறது. அனுபவசாலி இழுப்பார், முதல் வண்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, ஏற்றக்கூடிய சுமை. வெற்று எடை 1,150, உச்சம் 1,300 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 150 கிலோ. பேட்டரி 25, கேரவனை ரிமோட்டில் நகர்த்தும் மோட்டார் 30, முன்கூடாரம் 25. மீதி 70 கிலோவில் நாலு பேரின் துணி, பாத்திரம், படுக்கை. பத்துக் கிலோ அரிசி மூட்டையும் ஆட்டுக்கறிச் சட்டியும் காருக்குள் போகட்டும்.

கொக்கியின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,300 கிலோவுக்கு 65 முதல் 91. காரின் வரம்பு 75 என்றிருந்தால் அதைத் தாண்டக்கூடாது. கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையில் வையுங்கள். பின்பக்க அலமாரியை நிரப்பி மூக்கு லேசானால் நெடுஞ்சாலையில் லாரி முந்தும்போது கேரவன் பாம்பு போல நெளியும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாக எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறையக் குறைய அடங்கும். மோட்டார்வேயில் உங்களுக்கு வரம்பு 60 மைல். மூன்று தடங்கள் உள்ள இடத்தில் வலது ஓரத் தடம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பழைய கேரவனில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– க்ராய்டன் வாசகர்

ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பழைய கேரவனின் சுவர் என்பது வெளியே மெல்லிய அலுமினியம், நடுவே பாலிஸ்டைரீன், மரச்சட்டம், உள்ளே ஒட்டுப்பலகை. இணைப்புகளில் பூசிய பசை வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும். கூடாரம் கோக்கும் தண்டவாளத்தின் திருகு ஓட்டைகள், ஜன்னல் விளிம்புகள், கூரை விளக்குகள் வழியே மழைநீர் ஊறும். உள்ளே பலகை அழகாக இருக்கும். பின்னால் சட்டம் ஊறிய ரொட்டி போல ஆகியிருக்கும். சட்டத்தில் மரமே இல்லாமல் கட்டிய புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இருபது, முப்பது பவுண்டுக்கு ஊசி முனை ஈரமானி கிடைக்கும். மழை பெய்த மறுநாள் போங்கள். ஒவ்வொரு மூலையிலும் மேல், நடு, கீழ் என்று குத்திப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே, முன் இருக்கைப் பெட்டிக்குள், துணி அலமாரியின் பின்மூலை, ஷவர் தட்டைச் சுற்றி. 15 சதவீதம் வரை கவலையில்லை. 15 முதல் 20 என்றால் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டியது. 20ஐத் தாண்டினால் உள்ளே நீர் நுழைகிறது. 30 என்றால் எழுந்து வந்துவிடுங்கள்; சுவர் பிரித்துச் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் போகும். கதவைத் திறந்ததும் அறை வாசனைத் திரவம் மூக்கைத் துளைத்தால் இரண்டு மடங்கு கவனம்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலிருந்து சமையலடுப்பு வரை நடந்து பாருங்கள். தரை மெத்தென்று அமுங்கினால், கிறீச்சிட்டால், பலகையும் நடு அடுக்கும் பிரிந்திருக்கின்றன. சின்ன அளவு என்றால் துளையிட்டு ரெசின் செலுத்திச் சரிசெய்யலாம். விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

டயர் பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், ஏனென்றால் வருடத்தில் ஐந்து முறைதான் உருண்டிருக்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து வருடமானால் மாற்றத் திட்டமிடுங்கள், ஏழைத் தாண்டி ஓட்டவே கூடாது. ஒரே இடத்தில் நின்று பக்கச்சுவர் வெடித்த டயர், ஓடும்போது கிழிந்து சக்கரக்கூண்டையே பெயர்த்துவிடும்.

சர்வீஸ் புத்தகம் கேளுங்கள். ஆல்-கோ நிறுவனத்தின் அச்சு என்றால் பிரேக் டிரம்மைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சக்கர மையத்தில் உள்ள ஹப் நட் புதிதாகப் போட வேண்டும். அது ஒருமுறைதான் இறுக்கக்கூடியது, 290 நியூட்டன் மீட்டரில். பில்லில் அந்த நட்டுக்குச் சில பவுண்ட் எழுதியிருந்தால் மெக்கானிக் உண்மையாகவே பிரேக்கைத் திறந்து பார்த்திருக்கிறார்.

கடைசியாக, 1992க்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஜன்னல்களிலும் சேஸிஸிலும் 17 இலக்க எண் இருக்கும். இரண்டும் பொருந்துகின்றனவா, திருட்டோ கடன் பாக்கியோ உண்டா என்று கேரவன்களுக்கான கிரிஸ் (CRiS) பதிவேட்டில் சிறு கட்டணத்தில் சரிபார்க்கலாம். விற்பவர் தன் வீட்டில் காட்டாமல் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சந்திக்கலாம் என்றால் போகாதீர்கள்.

கேள்வி: ரைஸ் குக்கர் போட்டாலே கரண்ட் போய்விடுகிறது. வயரிங் கோளாறா?
– மில்டன் கீன்ஸ் வாசகர்

பெரும்பாலும் கணக்குக் கோளாறு. தளத்தில் 10 ஆம்பியர் இணைப்பு என்றால் உங்களுக்குக் கிடைப்பது 2,300 வாட். ஹீட்டர் 1,000, வெந்நீர் 850, ரைஸ் குக்கர் 700 – கூட்டினால் 2,550. வெந்நீரை முதலில் போட்டு அணைத்துவிட்டு உலை வையுங்கள், அல்லது ஹீட்டரைக் காஸுக்கு மாற்றுங்கள். வீட்டுக் கெட்டில் 3,000 வாட் இழுக்கும், அது வேண்டாம். கேபிளை உருளையிலேயே சுற்றி வைத்துப் பயன்படுத்தாதீர்கள், சூடேறி உருகும்.

தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. வெங்காய வாசனை மெத்தையில் ஏறினால் விற்கும் நாள்வரை போகாது. அதற்காகக் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ மூடிய கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. குளிராக இருக்கிறதென்று தரையிலுள்ள காற்றுத் துளைகளை அடைக்கவும் கூடாது. கசியும் காஸ் கீழே இறங்கி வெளியேறுவது அவற்றின் வழியேதான்.

கேள்வி: பிப்ரவரியில் நீல சிலிண்டர் எரியவே இல்லை. பாதி காஸ் இருக்கிறது.
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

நீலம் பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்கு அருகில் அது ஆவியாகாது. சிவப்பு, அதாவது புரொப்பேன் வாங்குங்கள். மைனஸ் 42 வரை ஆவியாகும்.

கேள்வி: நிறுத்துமிடத்துக்கு வருடம் 500 பவுண்ட் எதற்கு? வீட்டு முற்றத்தில் விடக்கூடாதா?
– பர்மிங்ஹாம் வாசகர்

பொதுவாக விடலாம், கவுன்சில் அனுமதி தேவைப்படாது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். புதுக் குடியிருப்புகள் பலவற்றில் கேரவன் நிறுத்தத் தடை எழுதியிருக்கும்; எதிர்வீட்டுக்காரர் அதைப் படித்திருப்பார்.

கேள்வி: கடற்கரை விடுமுறைப் பார்க்கில் நிலையாக நிற்கும் கேரவன் 35,000 பவுண்ட். வாங்கி வாடகைக்கு விட்டால் வருமானம் என்கிறார்கள்.
– ரெடிங் வாசகர்

வண்டிதான் உங்களுடையது, நிலம் பார்க்குடையது. வருடத் தளக் கட்டணம் பல ஆயிரம் பவுண்ட், வருடா வருடம் ஏறும். கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: உரிமம் எத்தனை வருடம், முடிந்தால் வண்டியை யார் செலவில் அகற்றுவது, கட்டணம் எந்தக் கணக்கில் ஏறும், விற்கும்போது பார்க்குக்குக் கமிஷன் எவ்வளவு. 15 சதவீதம் கேட்பது வழக்கம். விடுமுறைப் பார்க்கில் அதை நிரந்தர முகவரியாக வைக்க முடியாது. வாடகை வருமானத்தைக் கணக்கிட்டுக் காட்டினால், போன வருடம் உண்மையில் வந்த தொகையின் ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: போன குளிர்காலத்தில் ஷவர் குழாய் வெடித்துவிட்டது. தொட்டியைக் காலி செய்துதான் வைத்தேன்.
– கிளாஸ்கோ வாசகர்

தொட்டி காலியானாலும் குழாய்க்குள்ளும் வெந்நீர்க் கொதிகலனுக்குள்ளும் தண்ணீர் நிற்கும். உறைந்தால் விரிந்து பிளக்கும். அக்டோபர் முடிவதற்குள் பம்பை அணைத்து, கொதிகலனின் வடிகால் குமிழைத் திறங்கள். எல்லாக் குழாய்களையும் சூடும் குளிரும் நடுவே வருமாறு திறந்து விடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிக் குழலைத் தட்டில் தாழப் போடுங்கள். மேலே மாட்டியிருந்தால் அதன் வளைவில் நீர் தங்கும். உங்களுடையது அப்படித்தான் வெடித்திருக்க வேண்டும். தண்ணீர் வடிகட்டியையும் எடுத்துவிடுங்கள். குழாய்களை மார்ச் வரை திறந்தே வையுங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, டாய்லெட் தொட்டியைக் கழுவிக் காய விடுங்கள். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கி விடுங்கள், இல்லையென்றால் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பேட்டரியை வீட்டுக்கு எடுத்துப்போய் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.