ஆங்கிலப் பாட்டுப் பட்டியலில் 'தி' (The) என்று தொடங்கும் பாட்டுகள் ஏன் 'டி' (T) வரிசையில் இல்லை?

அகர வரிசைப் பட்டியல் என்றால் பாட்டுகளைத் தலைப்பின் முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குவது. ஆனால் ஆங்கிலத் தலைப்பின் முன்னால் வரும் 'தி', 'ஏ', 'ஆன்' ஆகியவற்றைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால் 'டி' பக்கம் மட்டும் வீங்கிவிடும், தேடுவதும் கஷ்டம். வருகைப் பதிவேட்டில் கே. முருகனை 'மு'வில் தேடுவோமே, அந்த மாதிரிதான். அதனால் பீட்டில்ஸ் 1964-இல் பாடிய 'ஏ ஹார்ட் டேஸ் நைட்' 'எச்' வரிசையில் இருக்கும். சில செயலிகள் இதைப் பின்பற்றுவதில்லை; அங்கே 'டி'யிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுப் பாட்டு தேட அகர வரிசைப் பட்டியல் அருமையான வழி, ஏனென்றால் காலமும் பாணியும் கலந்தே வரும். 'பி' (P) வரிசையில் 'தி பவர் ஆஃப் லவ்' என்று பாருங்கள். பாடகி ஜெனிஃபர் ரஷ், 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' இசைக்குழு, 'ஹியூயி லூயிஸ் அண்ட் த நியூஸ்' இசைக்குழு என மூன்று தரப்பு பாடியது கிடைக்கும். எல்லாம் 1984, 1985-இல் வந்தவை. மூன்றையும் அவசியம் கேளுங்கள். உருக வைப்பது ஜெனிஃபர் ரஷ்ஷின் குரல்தான்.

ஒரே தலைப்பு என்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இந்த மூன்றுக்கும் மெட்டும் வரிகளும் வேறு வேறு, அமெரிக்கச் சட்டப்படி வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமையும் கிடையாது.